எழுத்துப் பிழையும் எழுத்தின் பிழையும்

கதைப் போட்டிகளுக்கு நடுவராக இருக்க இப்போதெல்லாம் நான் ஒப்புக்கொள்வதில்லை. வயதாகிவிட்டது, கண் சரியில்லை என்று காரணம் சொல்லிவிடுகிறேன். இரண்டும் மெய்தான் என்றாலும் உண்மையான காரணம் வேறு. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு போட்டியில் நான் செய்த காரியம் இன்னும் மனசில் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஒருவருடைய எழுத்தை மதிப்பிடுவது என்றால் என்ன என்பதை நான் விமரிசன நூல்களில் படித்துத் தெரிந்துகொண்டதைவிட அந்தச் சம்பவத்திலிருந்து தெரிந்துகொண்டது அதிகம்.

போட்டிக்கு எண்பத்துச் சொச்சம் கதைகள் வந்திருந்தன. பெரும்பாலானவை கம்ப்யூட்டரில் அடித்து அச்செடுத்தவை. வெள்ளை வெளேரென்று பார்க்க அழகாக இருந்தன. அவற்றின் நடுவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற நாற்பது பக்க நோட்டு ஒன்றும் இருந்தது. மேலட்டையில் பெயர், வகுப்பு, பாடம் என்று அச்சிட்டிருப்பார்கள் அல்லவா? பாடம் என்பதற்கு நேரே ‘கதை’ என்று எழுதியிருந்தது. வகுப்பு என்பதற்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. ஊர், கீழ்பென்னாத்தூர்.

முதல் வரியிலேயே மூன்று பிழைகள். ‘மழை’ என்பது ‘மய’ என்று இருந்தது. ரகரமும் றகரமும் தங்களுக்குள் வீடு மாற்றிக்கொண்டிருந்தன. ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்ற தகராறே இல்லை. ஒற்று எங்குமே மிகவில்லை. முற்றுப்புள்ளி இரண்டு பக்கத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது. எண்பது கதை, பதினைந்து நாள் தவணை. நான் இரண்டு பக்கம் புரட்டினேன், மூடினேன், ஒதுக்கி வைத்தேன். மதிப்பெண் தாளில் ‘மொழி தேறவில்லை’ என்று எழுதினேன்.

இரண்டாம் பரிசுக்கு நான் சிபாரிசு செய்த கதையும் கிராமத்துக் கதைதான். வேர்க்கடலை அறுவடை பற்றியதுதான். அதில் தேடினாலும் ஒரு பிழை கிடைக்காது. வாக்கியங்கள் சலவை செய்து மடித்து வைத்த வேட்டி மாதிரி இருந்தன. கதை அச்சாகி வந்த பத்து நாளில் ஒரு வாசகர் எனக்குக் கார்டு போட்டிருந்தார். கதாநாயகி இடுப்பளவு உயர்ந்த செடிகளின் நடுவே நின்று, கிளைகளிலிருந்து கடலையைப் பறித்துக் கூடையில் போடுகிறாளே, அது எந்த ஊர்க் கடலை, விதை எங்கே கிடைக்கும் என்று விசாரித்திருந்தார்.

நான் பிறந்தது கிராமத்தில். கடலை மண்ணுக்குக் கீழே காய்க்கிறது என்பது எனக்குத் தெரியாத சமாசாரம் அல்ல. ஆனாலும் படிக்கும்போது அது என் கண்ணில் படவே இல்லை. ரகர றகரத்தில் ஒன்று பிசகியிருந்தால் உடனே பட்டிருக்கும்! பல நாள் இதை யோசித்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வெட்கத்தில்தான், திருப்பி அனுப்பாமல் மேஜையில் கிடந்த நோட்டை மறுபடி எடுத்தேன். அதுவும் கடலைக் கதை என்று மட்டும் ஞாபகம் இருந்தது.

கதையை இங்கே முழுதும் சொல்லப் போவதில்லை. சொன்னால் என் நடையில்தான் சொல்ல முடியும். அதில் என்ன கஷ்டம் என்பது பின்னால் வருகிறது. சுருக்கம் இது. ஐப்பசியில் மழை ஐந்து நாள் நின்றுவிடுகிறது. மழை நின்றால் நிலம் இறுகிவிடும். செடியைப் பிடுங்கினால் தழை மட்டும் கையோடு வரும், காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். கூலிப் பெண்கள் உட்கார்ந்து மண்ணைக் கொத்திக் கொத்திக் காய் எடுக்கிறார்கள். எட்டுப் படி ஆய்ந்தால் ஒரு படி கூலி. சாயங்காலம் கொல்லை ஓரத்தில் நிலக்காரருடைய மனைவி நின்றுகொண்டு ஒவ்வொருத்தியின் மடியையும் சோதிக்கிறாள். கதை சொல்கிறவளின் குழந்தை காய்ச்சலோடு வரப்பில் உட்கார்ந்திருக்கிறது. காலையிலிருந்து கடலை கேட்டுக்கொண்டிருக்கிறது. அவள் மடியில் ஒரு பிடி இருக்கிறது. முன்னால் நிற்கிறவளின் மடியில் கைவிட்டுப் பார்க்கிறார்கள். தன் முறை வருவதற்கு முன்பே இவள் தானாக மடியை அவிழ்த்து உதறுகிறாள். ஒன்பது காய் விழுகின்றன. ஒன்பது என்று அவள் எண்ணியிருக்கிறாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் குழந்தை அவள் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூங்கிப் போகிறது.

இவ்வளவுதான். நோட்டை மூடிவிட்டு நான் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கையை உள்ளே விட விடக்கூடாது என்பதற்காகத் திருட்டைத் தானே ஒப்புக்கொள்கிற ஒரு பெண்ணைத் தமிழ்க் கதையில் நான் அதற்கு முன் சந்தித்ததாக ஞாபகம் இல்லை. முதல் தடவை புரட்டியபோது இதெல்லாம் அந்த நோட்டில் இல்லாமலா இருந்தது? இருந்தது. ‘மய’ என்ற இரண்டெழுத்து என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது. நிறுத்தியது என்றுகூடச் சொல்லக் கூடாது; நிற்க எனக்கு ஒரு சாக்குக் கொடுத்தது. எண்பது கதை படிக்கிறவனுக்கு ஒரு கதையைப் படிக்காமல் விடக் காரணம் கிடைத்தால் அவன் மனசாட்சிகூட நன்றி சொல்லும்.

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், பள்ளிக்கூடத்திலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். பிழைக்கு அரை மதிப்பெண் குறைப்பது வாத்தியாருக்குச் சௌகரியம். கட்டுரையில் விஷயம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிடச் சிவப்பு மையால் சுழிப்பது சுலபம். சுழிக்கப்பட்ட பிள்ளைகளில் சிலர் பெரியவர்களாகிப் பத்திராதிபர்களாகவும் நடுவர்களாகவும் விமரிசகர்களாகவும் ஆகிறோம். சிவப்பு மையையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஆனால் தமிழின் பெரிய பதிப்பாசிரியர்கள் இப்படிப் படித்தவர்கள் அல்ல. உ. வே. சாமிநாதையர் கையில் கிடைத்த ஏடுகள் என்ன லட்சணத்தில் இருந்தன என்பது அவருடைய சரித்திரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஓலையில் புள்ளி வைக்கிற வழக்கம் இல்லை. வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பு ஒன்றுதான். துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். இவற்றுக்கு மேலே பிரதி செய்தவருடைய தூக்கக் கலக்கம், கரையான், புழு. இப்படிப்பட்ட ஓலைகளிலிருந்துதான் 1887-இல் சீவக சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அச்சுக்கு வந்தன. எழுத்து தேறவில்லை என்று ஐயர் ஏட்டைக் கட்டி வைத்திருந்தால் நம் கதி என்ன?

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். ஏட்டுப் பிழை எழுதினவன் பிழை. புலவன் பிழை அல்ல. இளங்கோவடிகளுக்கு ரகர றகரம் தெரியாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுதினவருக்கே இலக்கணம் கைவராத ஒரு பெரிய நூலைக் காட்டினால்தான் என் வாதம் நிற்கும். அப்படி ஒன்று இருக்கிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து கிழக்கே செஞ்சி, திண்டிவனம் என்று அதே சாலையைப் பிடித்துப் போனால் எட்டிவிடக்கூடிய புதுச்சேரியில் எழுதப்பட்டது அது.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி தம் நாட்குறிப்பை ஆரம்பித்தார். 1761 ஜனவரியில் அவர் இறக்கும் காலம்வரை அது நடந்தது. வியாபாரி, பிறகு டூப்ளே கவர்னராக இருந்தபோது தலைமைத் துபாஷி. அவருடைய தமிழுக்கு எந்தப் பண்டிதரும் தேர்ச்சி மதிப்பெண் போடமாட்டார். வாக்கியம் ஒரு பக்கத்தில் ஆரம்பித்தால் அடுத்த பக்கத்தில்தான் மூச்சுவிடும். பேசுகிற மாதிரி எழுத்து; பிரெஞ்சு, போர்த்துகீசியம், தெலுங்கு, பாரசீகம் எல்லாம் காதில் விழுந்தபடி தமிழெழுத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கவர்னர் ‘குவர்னதோர்’ ஆகிவிடுவார். குறிலும் நெடிலும் அவரவர் விருப்பம்.

ஆனால் 18-ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டைப் பார்க்க வேண்டுமானால் வேறு எந்த ஜன்னலும் அவ்வளவு அகலம் இல்லை. கப்பல் வந்த நேரம், துணி விலை, கவர்னர் மாளிகையில் யார் முகம் சுளித்தார், எந்தக் கல்யாணத்தில் யாருக்கு என்ன மரியாதை என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோவிலை இடித்தார்கள். பிள்ளை அந்தக் கோவிலைக் கும்பிடுகிறவர். இடிக்கிற அதிகாரத்தின் கீழே உத்தியோகம் பார்ப்பவர். இரண்டு பக்கமும் நெருக்க, நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பகுதியைப் படிக்கும்போது வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேட நமக்குத் தோன்றுவதில்லை.

இதற்கு நேர்ந்த கதியையும் பார்க்க வேண்டும். 1846-இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் மூலப் பிரதிகளைக் கண்டெடுத்தார். அரியேல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் பிரதி எடுத்துக்கொண்டு போனார். சென்னை அரசாங்கம் 1904 தொடங்கி 1928-க்குள் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழில் எழுதிய நூல் தமிழில் அச்சேறத் தொடங்கியது 1948-இல், புதுச்சேரியில். ஆங்கிலத்துக்கு நாற்பத்து நாலு வருஷம் பிந்தி! பன்னிரண்டு தொகுதிகளாகத் தமிழில் ஒருசேரக் கைக்குக் கிடைத்தது 2019-இல்தான், மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்து, வந்தவாசி அகநி பதிப்பகம் வெளியிட்டது. கீழ்பென்னாத்தூர் இருக்கிற அதே திருவண்ணாமலை ஜில்லாவில்தான் வந்தவாசியும் இருக்கிறது. இந்தத் தாமதத்துக்குப் பணம், அரசியல், அக்கறையின்மை என்று பல காரணங்கள் இருக்கும். ஆங்கிலத்தில் படித்தவனுக்கு அந்த நடையின் கரடுமுரடு தெரியவில்லை, விஷயம் மட்டும் தெரிந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். மொழிபெயர்ப்பில் எழுத்துப் பிழை வராதல்லவா?

பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற தம் இரண்டு நாவல்களையும் இந்த நாட்குறிப்பிலிருந்து எடுத்துக் கட்டினார். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. ஒரு நாவலாசிரியன் இன்னொருவன் எழுத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு நான் அந்த நாவல்களையே உதாரணமாகச் சொல்வேன். பிள்ளையின் தமிழைப் பார்த்து அவர் முகம் சுளித்திருந்தால் அந்த நாவல்கள் இல்லை.

பழங்கதை போதும். நம் காலத்தில் கி. ராஜநாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர், இடைசெவல் விவசாயி. அவர் எழுத ஆரம்பித்தபோது இது என்ன தமிழ் என்று கேட்டவர்கள் உண்டு. ஆர். ஷண்முகசுந்தரம் 1942-இல் ‘நாகம்மா’ளில் கொங்குப் பேச்சைக் கொண்டு வந்தபோதே கேட்க ஆரம்பித்த கேள்விதான். கி. ரா. வாதாடவில்லை. கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே போட்டுவிட்டார். கடைசியில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டது. 1991-இல் சாகித்ய அகாதமி பரிசு. ஆனால் கி. ரா. விஷயத்தையும் கீழ்பென்னாத்தூர் நோட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் பேச்சுமொழியைத் தெரிந்தே எடுத்தாண்டவர். எது ஏட்டு வழக்கு, எது பேச்சு வழக்கு என்ற பிரக்ஞை அவருக்கு எப்போதும் இருந்தது. நோட்டு எழுதியவருக்கு அந்தத் தேர்வு கிடையாது. கையில் இருந்த ஒரே தமிழில் எழுதியிருந்தார். அவ்வகை எழுத்தைத்தான் நாம் எளிதாகத் தள்ளிவிடுகிறோம். ‘வட்டார வழக்கு’ என்ற முத்திரை விழுந்துவிட்டால் மரியாதை, இல்லாவிட்டால் பிழை.

இதற்கு எதிர்ப்பக்கத்து அபத்தமும் இப்போது பெருகிவிட்டது. பிழையாக எழுதினால் மண்வாசனை வந்துவிடும் என்று நினைக்கிற, நன்றாகப் படித்த இளைஞர்கள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். பக்கத்துக்குப் பத்துச் சொல்லை வேண்டுமென்றே சிதைத்து வைக்கிறார்கள். அவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. தெரிந்தும் அசிரத்தையாக எழுதி அச்சுக்குக் கொடுக்கிற என் போன்ற பழையவர்களிடமும் பொறுமை காட்ட வேண்டியதில்லை. பிழை பிழைதான். அது யாரிடமிருந்து, எந்த வழியாக வந்தது என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதுதான் என் கட்சி.

நோட்டுக்கு வருகிறேன். குற்ற உணர்ச்சி வேகத்தில் நான் இன்னொரு காரியம் செய்தேன். அதுவும் தவறுதான். இந்தக் கதையை எப்படியாவது வெளியிட வேண்டும் என்று நினைத்து, உட்கார்ந்து முழுவதையும் செப்பனிட்டுப் பிரதி எடுத்தேன். ‘மய’ மழையாயிற்று. ஒற்றுகள் மிக வேண்டிய இடங்களில் மிகுந்தன. ஓடிக்கொண்டிருந்த வாக்கியத்தை வெட்டி முற்றுப்புள்ளிகள் வைத்தேன். ‘மல்லாட்டை’ என்று இருந்த இடமெல்லாம் ‘நிலக்கடலை’ என்று போட்டேன்.

வடாற்காட்டுப் பக்கம் கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதுதான் மல்லாக்கொட்டை ஆகி மல்லாட்டை ஆயிற்று என்பார்கள். தென்னமெரிக்காவில் பிறந்த பயிர், பிலிப்பைன்ஸ் தீவின் மணிலாப் பட்டணத்துப் பெயரைச் சுமந்துகொண்டு வந்து, கீழ்பென்னாத்தூர்க் கொல்லையில் அந்தப் பெயரையும் தேய்த்து உள்ளூர் ஆக்கிக்கொண்டுவிட்டது. கடல் கடந்து வந்த அந்தச் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நான் பிழை திருத்துவதாக நினைத்துக்கொண்டு அதை அழித்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் கிளேர் என்று ஒரு கவி இருந்தார். விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளை. எழுத்துக்கூட்டல் தகராறு, நிறுத்தக்குறி கிடையாது, ஊர்ச்சொல் ஏராளம். அவருடைய முதல் புத்தகம் 1820-இல் வந்தபோது பிரசுரகர்த்தர் டெய்லர் எழுத்தைத் திருத்தி, குறிகள் போட்டு, நாகரிகமாக்கி வெளியிட்டார். திருத்தாவிட்டால் அன்று அந்தப் புத்தகம் வந்தே இருக்காது என்பதும் உண்மை. டெய்லர் கெட்ட மனிதர் அல்ல. நூறு வருஷத்துக்குப் பின் வந்த பதிப்பாசிரியர்கள் கிளேரின் கையெழுத்துப் பிரதிக்கே திரும்பிப் போனார்கள். இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் டெய்லர் வேலைதான் பார்த்தேன். அவ்வளவு கஷ்டப்பட்டுத் திருத்திய என் பிரதியைப் படித்தால், பரிசு வாங்கிய அந்த இன்னொரு கதையின் ஜாடை அதில் வந்திருந்தது. காரணம் உடனே புரியவில்லை. நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டபோது புரிந்தது. குந்தினபடியே நகர்ந்து நகர்ந்து காய் பொறுக்குகிற பெண்ணுக்கு நடுவில் நிற்க நேரம் கிடையாது. அவளுடைய வாக்கியத்திலும் நிற்கிற இடம் இல்லை. நான் பக்கத்துக்கு இருபது முற்றுப்புள்ளி வைத்து அவளை இருபது தடவை எழுப்பி நிறுத்தியிருந்தேன்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் கீழ்பென்னாத்தூர் போனேன். திண்டிவனத்தில் பஸ் மாறி, செஞ்சிக் கோட்டையைத் தாண்டிப் போனால் மேற்கே திருவண்ணாமலை மலை தெரிய ஆரம்பிக்கும். திருவண்ணாமலைக்கு இருபது கிலோமீட்டர்கூட மீதி இருக்காது. மலையைப் பார்த்தபடியே பஸ்ஸில் இருப்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதற்குள் இறங்கிவிட்டேன்.

நோட்டு எழுதிய அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடம் போனதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ராத்திரி வேளையில் தெருவிளக்கு அடியில் எழுத்துக் கற்றுக்கொண்டாராம். அப்போது முப்பது வயதைத் தாண்டியாகிவிட்டது. அதற்கப்புறம் எழுத வேலை இல்லை. நூறு நாள் வேலையில் கையெழுத்துப் போடுவதோடு சரி. போட்டி பற்றிப் பேத்தி படித்துச் சொல்ல, பேத்தியின் நோட்டிலேயே எழுதி அனுப்பிவிட்டார். முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்று, இருபது வருஷம் எழுதாமல் இருந்து, எழுதிய முதல் கதை. இது தெரிந்திருந்தால் ஆரம்பத்திலேயே சலுகை காட்டியிருப்பேனோ? காட்டியிருந்தால் அதுவும் ஒரு அவமரியாதைதான். அந்தக் கதைக்குச் சலுகை தேவையில்லை. படித்தால் போதும்.

நான் திருத்திய பிரதியைக் கையில் கொடுத்தேன். விரலை வரிக்கு வரி வைத்து நிதானமாகப் படித்தார். இடையில் நிமிரவில்லை. படித்து முடித்துவிட்டு, “நல்லா கீதுங்க ஐயா. யாரு எழுதனது இது?” என்றார்.

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

நான் சங்கடப்பட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அதைப் படிக்கும்போது அவர் முகம் மாறியது. படித்துக்கொண்டே வந்து, கடைசிப் பக்கத்துக்கு முன்னால் நிறுத்தி, “இதுல ஒரு தப்பு கீதுங்க” என்றார்.

ஒன்றா, எத்தனையோ இருக்கிறதே என்று எனக்குத் தோன்றிற்று, நல்லவேளை, சொல்லவில்லை. அவர் சொன்ன தப்பு வேறு. மடியைச் சோதித்த அந்த நிலக்காரம்மா அதே நாள் மத்தியானம் எல்லாருக்கும் கூழ் கொண்டுவந்து ஊற்றினாளாம். வரப்பில் இருந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெரிந்து, அதற்கு மட்டும் தனியாகக் கஞ்சி கொண்டுவந்தாளாம். “கோவத்துல அத்த எழுதாம வுட்டுட்டேன். அந்தம்மா செத்துப்போயி வருசமாவுது. இல்லாதத எழுதல, ஆனா இருந்தத வுட்டுட்டேன் பாருங்க. அது தப்பு இல்லீங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் கதையில் ஏதோ ஒன்று நெருடுகிறது என்று எனக்கும் இரண்டாம் வாசிப்பில் தோன்றியிருந்தது. கொல்லை ஓரத்தில் நிற்கிற அந்தப் பெண்மணி வெறும் அட்டைப் பொம்மையாக, கெட்டவள் என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். மற்ற எல்லாரும் உயிரோடு இருக்கும்போது அவள் மட்டும் ஏன் இப்படி என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஒற்றுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுத்துப் பிழை என் கண்ணிலிருந்து கதையின் சிறப்பை மட்டும் மறைக்கவில்லை; கதையின் உண்மையான குறையையும் மறைத்துவிட்டது. முதல் தடவை அதைப் பார்த்துக் கதையைத் தள்ளினேன். இரண்டாம் தடவையும் அதையேதான் பார்த்து, அதைத் திருத்திவிட்டால் கதை தேறிவிடும் என்று நினைத்தேன். இரண்டு தடவையும் கதையைப் பார்த்தவர் அவர்தான்.

கஞ்சி கொண்டுவந்தவளே சாயங்காலம் மடியைச் சோதிக்கிறாள் என்றால் கதை எவ்வளவு கனமாகிவிடுகிறது என்று வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தானாக மடியை உதறுவதற்கு இன்னொரு காரணம் சேர்ந்துவிடுகிறது. மத்தியானம் கஞ்சி குடித்த குழந்தையின் கண்ணெதிரே, அதே கை தன் மடிக்குள் நுழைவதை அவள் பொறுக்கமாட்டாள். இதை நான் அவரிடம் சொன்னபோது, “அப்படிலாம் நெனைக்கலீங்க, நடந்தது அது” என்றார். விமரிசகன் சொல்கிற காரணங்களுக்கு எழுதியவர் சொல்ல வேண்டிய பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு உட்கார்ந்து எதைத் திருத்துவது, எதை விடுவது என்று பேசினோம். ‘மய’ என்பதை மழை என்றே போட்டுவிடச் சொன்னார். பேத்தி பார்த்துச் சிரிக்கிறாளாம். எனக்கு அதை விட்டுவிடலாம் என்று இருந்தது. ஆனால் என் ரசனைக்காக ஒரு பாட்டி பேத்தியிடம் சிரிப்பு வாங்க வேண்டியதில்லை. மல்லாட்டை மல்லாட்டையாகவே இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதி. நிலக்கடலை என்றால் கடையில் வறுத்து விற்பது என்றார். முற்றுப்புள்ளி விஷயத்தில் தமக்கு ஒன்றும் தெரியாது, நானே பார்த்துக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்று நானே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், கடைசி வரியில் ஒன்றைத் தவிர.

கூழ் ஊற்றுகிற இடத்தைப் புதிதாக எழுதித் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார். மூன்று வாரம் கழித்து வந்தது. அதே மாதிரி நோட்டிலிருந்து கிழித்த ஒன்றரைப் பக்கம். கஞ்சியைக் குழந்தை வாயில் வைப்பதற்கு முன்னால் நிலக்காரம்மா ஊதி ஊதி ஆற்றுகிறாள், குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிறது, அவள் சிரிக்கிறாள். ஒன்றரைப் பக்கத்தில் பதினோரு பிழைகள் இருந்தன. ஏழைத் திருத்தினேன்.